எல்லை, குடியேற்றம், கலகம்: தென்னாப்பிரிக்க வரலாற்றைத் தமிழில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பழகியதுதான். பிள்ளைகள் பள்ளியில் வரலாற்றை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அதையே தமிழில் சொல்லச் சொன்னால், வாயில் வந்த முதல் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் எழுதுகிறோம். தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில் டச்சுக்காரர் தொடங்கி, பிறகு பிரிட்டிஷார் கைக்குப் போன கேப் காலனி கிழக்கே பரவிய கதையில் இது சின்னத் தவறு இல்லை. யார் நிலம், யார் வந்தவர் என்பதே மாறிப்போகிறது.

முதலில் ‘எல்லை’. நமக்கு எல்லை என்றால் ஊர்க்கோடியில் எல்லைச்சாமி நிற்கிற இடம். இந்தப் பக்கம் நம் ஊர், அந்தப் பக்கம் அடுத்த ஊர். கேப்பின் கிழக்கில் அப்படி ஒரு நிலையான கோடு நெடுங்காலம் இருக்கவில்லை. டச்சு வம்சாவளி வெள்ளை விவசாயிகளான போயர்கள் மேற்கிலிருந்து மாடுகளோடு நகர்ந்து வந்தார்கள். அங்கே ஹோசா மக்கள் ஏற்கெனவே மாடு மேய்த்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஃபிஷ் ஆற்றை ஒட்டிய சுர்வெல்ட் பகுதியில் இருவரும் பண்டமாற்று செய்தார்கள், ஹோசா மக்கள் சிலர் போயர்களிடம் வேலைக்குப் போனார்கள், மாடு களவு போனது, சண்டை மூண்டது. கோடு பிறகுதான் வந்தது. வந்த கோடும் நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் ஃபிஷ் ஆறு. 1819இல் கெய்ஸ்காமா ஆறு வரை. 1847இல் கெய் ஆறு வரை. ஒவ்வொரு முறையும் கிழக்கே, ஹோசா நிலத்துக்குள்.

அதனால் மக்கள் கலந்து வாழ்ந்த அந்தப் பரப்பை ‘எல்லைப்புறம்’ என்றும், அரசு வரைந்ததை ‘எல்லைக்கோடு’ என்றும் பிரித்து எழுதுங்கள். 1779 முதல் 1879 வரை நடந்த ஒன்பது போர்களை ‘எல்லைத் தகராறு’ என்று எழுதவே கூடாது. 1812இல் பிரிட்டிஷ் படை சுமார் 20,000 ஹோசா மக்களைச் சுர்வெல்டிலிருந்து ஃபிஷ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டியது. வரப்புச் சண்டைக்குச் சொல்கிற சொல் இதற்குப் பொருந்துமா?

‘அப்பால்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். டிரான்ஸ்கெய் என்றால் கெய் ஆற்றுக்கு அப்பால். யாருக்கு அப்பால்? கேப் டவுனிலிருந்து பார்க்கிறவருக்கு. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது இங்கேதான். பெயராக வரும்போது டிரான்ஸ்கெய் என்றே இருக்கட்டும், விளக்கும்போது ‘கெய் ஆற்றுக்குக் கிழக்கே’ என்று திசையைச் சொன்னால் போதும்.

அடுத்தது ‘தரிசு’, ‘புறம்போக்கு’, ‘வெற்று நிலம்’. வெள்ளையர் வந்தபோது நிலம் காலியாகக் கிடந்தது என்பது இங்கே பலகாலம் சொல்லப்பட்ட பொய். சுர்வெல்டின் புல் குளிர்காலத்தில் சத்து இழந்துவிடும். அப்போது ஹோசா மக்கள் மாடுகளை வேறிடம் ஓட்டிப் போய், பருவம் வந்ததும் திரும்புவார்கள். ஆள் இல்லாத மாதத்தில் பார்த்தவர் காலி என்று எழுதினார். அது மேய்ச்சல் நிலம், அப்படியே எழுதுங்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். ‘குடியேறினார்கள்’ என்ற ஒரே வினையை எல்லாருக்கும் போடுகிறோம். 1820இல் சுமார் 4,000 பிரிட்டிஷார் சுர்வெல்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு நிலம் கொடுத்து, ஹோசா மக்களுக்கு எதிரே வேலி போல உட்கார வைத்தது அரசு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் வந்தவர்களும் 1911 வரை பின்னால் வந்தவர்களுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் தலையில் 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி சுமத்தியது. இவர்களும் அவர்களும் ஒரே ‘குடியேறிகள்’ ஆக முடியாது. முன்னவர் குடியேறிகள், நம் முன்னோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

ஆத்திரத்தில் ‘அடிமைகள்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்த ஆத்திரம் நியாயமானது, ஆனால் சொல் தவறு. டச்சுக் கம்பெனிக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பலர் உண்மையிலேயே அடிமைகளாக கேப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கேப்பில் அடிமைமுறை 1834இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 1860இல் வந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால், முன்பே வந்து பெயர்கூட இழந்தவர்களை மறந்துபோவோம்.

‘கூலி’ என்ற சொல் தமிழ்நாட்டில் அன்றாடச் சொல். இங்கே அது வசைச்சொல். என் பாட்டி அதைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். சம்பளம் என்ற பொருளில்கூட இங்குள்ளவர்களுக்கு எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். அதைவிடக் கடுமையாக விலக்க வேண்டியது ‘காப்பிரி’. பழைய தமிழ் எழுத்துகளில் ஆப்பிரிக்கரைக் குறிக்க அது இயல்பாக வரும். அதே வேரிலிருந்து வந்த சொல் இந்த நாட்டில் கறுப்பின மக்கள்மேல் வீசப்பட்ட மிக மோசமான வசை. இன்று அதைச் சொன்னவர் நீதிமன்றத்தில் நிற்க நேரும். பழைய புத்தகங்கள் அந்த ஒன்பது போர்களுக்கே அந்தச் சொல்லைப் பெயராக வைத்தன. ‘ஹோசாப் போர்கள்’ என்று எழுதுங்கள். ஹோசா என்பதும் கிட்டத்தட்டத்தான்; முதல் ஒலி, வண்டி மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் நாக்கை இழுத்து எழுப்புகிற சத்தம் போன்றது. ‘சோசா’ என்று எழுதினால் அதிலிருந்து இன்னும் விலகிப்போகும்.

‘காலனி’ என்று மட்டும் எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்குக் குடியிருப்புப் பகுதி நினைவுக்கு வரும். டர்பன் இருந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின் அரசை ‘நேட்டால் காலனி அரசு’ என்று முழுதாக எழுதினால் சரியாகிவிடும்.

கடைசியாக ‘கலகம்’. சிப்பாய்க் கலகம் என்று படித்து வளர்ந்து, பிறகு அது யார் வைத்த பெயர் என்று கேட்டவர்கள் நாம். நேட்டால் காலனி அரசு 1905இல் தலைக்கு ஒரு பவுண்டு வரி போட்டது. 1906இல் பம்பாதா என்ற ஜூலுத் தலைவர் அதை எதிர்த்து எழுந்தார். அந்த எழுச்சியை அடக்கியதில் 3,000க்கும் மேற்பட்ட ஜூலு மக்கள் உயிரிழந்தார்கள். ஏழு ஆண்டு கழித்து அதே நேட்டாலில் மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நம்மவர்கள் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலையை நிறுத்தினார்கள். அதை நாம் போராட்டம் என்கிறோம். பம்பாதாவுக்கும் அந்த மரியாதையைக் கொடுத்து, ‘பம்பாதா எழுச்சி’ என்றே எழுதுவோம்.