நாள்பட்ட இடுப்பு வலி: பரிசோதனையிலேயே தொடங்கும் தவறுகள்

காலையில் வேலூர் காந்தி ரோட்டில் நின்றால், லாட்ஜ்களிலிருந்து பெரிய ஸ்கேன் கவரைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு நடப்பவர்களைப் பார்க்கலாம். வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தவரும் இருப்பார், குடியாத்தம் பஸ்ஸில் வந்து இறங்கியவரும் இருப்பார். இடுப்பு வலிக்காக வருகிறவர் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "எல்4-எல்5ல ஜவ்வு விலகியிருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு." இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையே முதல் தவறு.

பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒரே இடத்தைக் கைகாட்ட முடியாது. ஆனால் ஸ்கேன் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். இடுப்பு வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஐம்பது வயதில் அது 60 சதவீதம், எண்பது வயதில் 84 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், வலியோடு வருகிறவரின் படத்தில் ஒரு பிதுக்கம் தெரிந்ததும் அதுதான் காரணம் என்று எப்படி முடிவு கட்டுவது? ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்து, குனியாமல், குடம் தூக்காமல், வருடக்கணக்கில் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டே வாழ்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்குப் பாதி நோய் அந்தப் பயம்தான்.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கால் பலம் குறைந்தால், ஆபத்தான அறிகுறி ஏதாவது இருந்தால், ஆபரேஷன் பற்றி யோசிக்கும் நிலை வந்தால் எடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் உங்களைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கவனியுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெதுவாகத் தூக்க வேண்டும். 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே வரை சுரீரென்று வலி இறங்கினால் நரம்பு அழுத்தப்படுகிறதோ என்று சந்தேகிக்கலாம். தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம். பிறகு குதிகாலால் நாலு அடி, முன்பாதத்தால் நாலு அடி நடக்கச் சொல்ல வேண்டும். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் நேராக ஸ்கேன் சீட்டு எழுதினால், "ஒரு தடவை பரிசோதிச்சுப் பாருங்க சார்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்த தவறு, என்ன வேலை என்று கேட்காதது. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அம்மா, முறத்தை மடியில் வைத்துத் தலை குனிந்து உட்கார்ந்தால் கணக்கு முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, எழுந்தால் காசு போகும். ஆரணியில் குழித்தறியில் உட்காரும் நெசவாளிக்கும், ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்ணுக்கும் அதே கதைதான். இவர்களிடம் "ஒரு மாதம் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார வழி உண்டா, முறத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க முடியுமா, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வர முடியுமா என்று பேச வேண்டும். விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பின்பும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். பிழைப்புக்குத் திரும்புவதும் சிகிச்சையில் சேர்த்தி என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

எல்லா இடுப்பு வலியையும் "வாயுப் பிடிப்பு" என்று விடுவது இதற்கு நேர் எதிரான தவறு. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் குறையாத வலி, முதுகெலும்பில் ஒரே இடத்தில் தட்டினால் வலி என்றால் எலும்பு டி.பி.யை நினைத்தே ஆக வேண்டும். அந்த முதுகை உருவி நெட்டி முறிப்பது ஆபத்து. நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கி, பின்னிரவில் எழுப்பி, காலையில் அரை மணிக்கு மேல் விறைத்து, நடமாடினால் குறையும் வலி மூட்டுவாத வகையாக இருக்கலாம். அவர்கள் வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும், வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

மாத்திரை விஷயம் எனக்கு மிகவும் கவலை தருவது. மெடிக்கலில் "இடுப்பு வலிக்கு ரெண்டு குடுங்க" என்று வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் புண் உண்டாக்கும், பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேலூர் மே மாத வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வேலை செய்கிறவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். சர்க்கரை, பி.பி. இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இடுப்பு பெல்ட்டும், இடுப்பை எடை கட்டி இழுக்கும் இழுவை சிகிச்சையும் கொடுத்தால்தான் வைத்தியம் என்று நினைக்கிறோம். நாள்பட்ட வலிக்கு இவை இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. அது பரிந்துரைப்பவற்றில் முக்கியமானது உடற்பயிற்சி. எந்தப் பயிற்சி என்பதைவிட, விடாமல் செய்வதுதான் முக்கியம். கோட்டை மைதானத்தில் நடந்தாலும் சரி, வீட்டில் பாயில் படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி செய்தாலும் சரி. பலர் இரண்டு வாரம் செய்துவிட்டு, வலி மறுபடி வந்ததும் "பயிற்சியாலதான் கூடிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். பழகாத தசை முதலில் வலிக்கும். அன்று பாதியாகக் குறைத்துக்கொண்டு, மறுநாள் அடங்கியதா என்று பாருங்கள். அடங்கினால் தொடரலாம். காலில் புதிதாக மரத்துப்போதல் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.