குதிரைக்குட்டியை முன்னால் இழுக்காதீர்கள்

பிறந்த குட்டி 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். எது தவறினாலும் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாடு வளர்த்த பழக்கத்தில் 'காலையில் பார்க்கலாம்' என்று விடுவது குதிரைக்கு ஆபத்து.

அப்புறம், நடக்கப் பழக்குவது. தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்தால் குட்டி பின்னுக்குச் சாயும், எம்பும், மல்லாந்து விழும்; தலையிலும் கழுத்திலும் அடிபடும். தலைக்கயிறு இருக்கட்டும், அதோடு ஒரு மெத்தென்ற பருத்திக் கயிற்றைப் பின்தொடையைச் சுற்றி வளையமாகப் போடுங்கள். தாயை இன்னொருவர் முன்னே நடத்தட்டும். பின்கயிற்றைச் சற்றே இறுக்கினால் குட்டி ஓர் அடி வைக்கும். அந்த நொடியே தளர்த்திவிட வேண்டும், அதுதான் அதற்குப் பரிசு. தினம் பத்து நிமிடம் போதும்.

கால்களையும் தூக்கிப் பழக்குங்கள், லாடக்காரர் உங்களை வாழ்த்துவார். செல்லமாகக் கடித்தால் சிரிக்காதீர்கள். 50 கிலோ குட்டி சீக்கிரமே 400 கிலோ ஆகிவிடும்.

வேலை முடிந்ததும் தலைக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள். காதைச் சொறியும்போது பின்னங்கால் அதில் மாட்டிக்கொள்ளும்.