ரோச்செஸ்டர் கோட்டை: டிக்கெட்டுக்கு முன் ஒரு சுற்று

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ரோச்செஸ்டர் கோட்டைக்குப் போனால், டிக்கெட் எடுக்கும் முன் நடுக்கோபுரத்தை வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. மூன்று மூலைகள் சதுரம், ஒன்று மட்டும் உருண்டை. 1215-இல் கலகப் பிரபுக்களை முற்றுகையிட்ட ஜான் மன்னர், அந்த மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, முட்டுக்கொடுத்த மரங்களைக் கொளுத்திச் சரித்தார். எரிக்க 40 பன்றிகளின் கொழுப்பு (பன்றி கேட்டு அவர் அனுப்பிய கடிதமே இருக்கிறது!). மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் அதை வட்டமாகக் கட்டினார்கள். கூர்மூலை இல்லாததால் கல்லைப் பெயர்ப்பது கடினம், காவலர் பார்வைக்குத் தப்பி ஒளியவும் இடம் குறைவு.

மூலை சரிந்த பிறகும் கலகப் படை வீரர்கள் பின்வாங்கித் தாக்குப்பிடித்த, கோபுரத்துக்குள் இருக்கும் குறுக்குச்சுவரைப் பார்க்க டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும். உருண்டை என்றாலே பழுதுபார்த்தது என்று எல்லா இடத்திலும் கணக்குப் போடாதீர்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள கானிஸ்பரோ கோட்டையின் கோபுரம் தொடக்கத்திலிருந்தே உருண்டைதான்.