நரிக்கு மயக்க ஊசி: கடலூர், புதுச்சேரி களப்பணிக்கு

கடலூர் முந்திரிக்காட்டிலும் புதுச்சேரி சவுக்குத் தோப்பிலும் அளவெடுக்கவோ, நடமாட்டம் அறியும் ரேடியோ காலர் மாட்டவோ நரியை மயக்குபவர் மருந்தைவிட வெக்கைக்கே அதிகம் பயப்பட வேண்டும். நாய் இனத்துக்கு மூச்சிரைப்புதான் வியர்வை. மயக்கத்தில் அது நின்றுபோகும். கடலோரப் புழுக்கத்தில் உடம்புச் சூடு இறங்க வழியிருக்காது. எனவே விடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் நரி முதல் அட்டவணை (உச்சப் பாதுகாப்பு) விலங்கு. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கூண்டே வைக்கக் கூடாது. ஊசி போடுவது கால்நடை மருத்துவர் மட்டுமே. குழுவில் எல்லோரும் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி (0, 7, 21ஆம் நாள்) போட்டிருக்க வேண்டும்.

துப்பாக்கி ஊசி வேண்டாம். இவ்வளவு சிறிய உடம்பில் அது எலும்பை உடைக்கலாம். கூண்டோடு எடை போட்டு, கூண்டின் எடையைக் கழியுங்கள். கண்ணளவு மதிப்பில்தான் அளவு தப்பும். சேர்த்துப் போடும் இரு மயக்க மருந்துகளில் கிலோவுக்கு சைலசின் 1 மி.கி., கெட்டமைன் 10 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. 8 கிலோ நரிக்கு, மி.லி.க்கு 20 மி.கி. உள்ள சைலசினில் 0.4 மி.லி., மி.லி.க்கு 50 மி.கி. உள்ள கெட்டமைனில் 1.6 மி.லி. 2.5 கிலோ குள்ளநரிக்கு 0.13, 0.5 மி.லி. போதும். தொடைச் சதையில் போடுங்கள்.

உடனே கோணிச்சாக்கால் கூண்டை மூடி, பேச்சை நிறுத்துங்கள். மிரண்டு மோதும் நரிக்கு சைலசின் சரியாக ஏறாது. பதறி இரண்டாம் ஊசி போட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். 15 நிமிடம் பொறுங்கள்.

சாய்ந்ததும் கழுத்தை நீட்டி, வாய் சற்றுத் தாழ இருக்கும்படி படுக்க வையுங்கள். சைலசின் வாந்தி வரவழைக்கும், அது மூச்சுக்குழலில் போகக் கூடாது. கெட்டமைனில் கண் திறந்தே இருக்கும், இமை அடிக்காது. கண் களிம்பு தடவித் துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் மணல் பட்டு விழி புண்ணாகும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு, ஈறின் நிறம், ஆசனவாய்ச் சூடு மூன்றையும் எழுதுங்கள். ஈறு வெளுத்து நீலம் பாய்ந்தால் அளவெடுப்பதை அப்படியே விட்டுவிட்டு ஆக்சிஜன் கொடுங்கள். சூடு 40 டிகிரி தாண்டினால் வயிறு, தொடையிடுக்கு, பாதங்களைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். 41 என்றால் ரேடியோ காலர் மாட்டாவிட்டாலும் பரவாயில்லை, வேலையை நிறுத்துங்கள்.

சைலசினை முறித்துத் தெளிய வைக்கும் மருந்து யோஹிம்பைன், கிலோவுக்கு 0.15 மி.கி. கெட்டமைன் போட்டு 40 நிமிடம் ஆகுமுன் கொடுக்காதீர்கள். சைலசின் மட்டும் விலகிக் கெட்டமைன் தனியே நின்றால் வலிப்பு வரும்.

தெளியும்வரை நிழலில், மூடிய கூண்டில் வையுங்கள். எழுந்து நின்றதும் திறந்துவிடாதீர்கள். தள்ளாட்டம் நின்று, சத்தம் வந்த பக்கம் காது திரும்ப வேண்டும். கூண்டின் வாய் உப்பங்கழிக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ நேராக இருக்கக் கூடாது, பிடித்த இடத்துப் புதரைப் பார்த்திருக்கட்டும்.