லைட்டைத் தொடாதீர்கள், சோபாவை இழுங்கள்

சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, வெள்ளைச் சுவர். குறும்படம் எடுக்க வரும் தம்பிகள் முதல் வேலையாக வடபழனியில் வாடகைக்கு எடுத்த எல்இடி லைட்டைப் போட்டுவிடுவார்கள். நடிகர் எங்கே இருப்பார் என்ற யோசனை அப்புறம்தான். அவரும் சுவரை ஒட்டிக் கிடக்கும் சோபாவிலேயே உட்கார்ந்துவிடுவார். முகத்தில் படும் வெளிச்சம் அப்படியே சுவரிலும் படும். காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல். அதைப் போக்க இன்னொரு லைட் வரும். இப்போது நிழல் இரண்டு.

சோபாவை மூன்றடி முன்னால் இழுத்துப் பாருங்கள். லைட்டிலிருந்து முகம் மூன்றடி, சுவர் ஆறடி என்று வைத்தால், தூரம் இரட்டிப்பதால் சுவருக்குக் கால்வாசி வெளிச்சம்தான் போகும். கேமராக்காரர் கணக்கில் இரண்டு ஸ்டாப் குறைவு, ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும். வெள்ளைச் சுவர் சாம்பலாக இறங்கும், முகம் தனியாகத் தெரியும். சின்ன அறையில் மற்ற சுவர்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும். இருட்டு வேண்டிய பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் வேண்டிய பக்கம் அதைத் திருப்பி அனுப்ப ஒரு வெள்ளைத் தெர்மாகோல் போதும், இரண்டாவது லைட்டுக்கு வாடகை மிச்சம்.

அடுத்தது, வீட்டு விளக்கை அணைக்க மறப்பது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் ஆரஞ்சு. பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், மஞ்சள் பல்பு 2700. நானும் ஒருமுறை இரண்டையும் கலந்து எடுத்தேன். அம்மாவாக நடித்தவருக்கு ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. எடுத்தபின் நிறம் திருத்தும் கிரேடிங்கில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெட்டது. வேண்டுமென்றே கலப்பது வேறு விஷயம், நான் செய்தது மறதி. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷட்டரை ஆட்டோவில் விடுவதும் வம்புதான். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் டியூப்லைட் படபடக்காது.

பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவை அதன் ஒரே பக்கம் வையுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும்.

வெளிப்புறத்தில் நேரம்தான் லைட்மேன். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேர்மேலே. கண்கள் இரண்டும் குழியாகிவிடும். மெரினாவில் கடலில் சூரியன் மறையும் காட்சியை எழுதிக்கொண்டு வந்தவரும் உண்டு. நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். கடலில் சூரியன் வேண்டுமென்றால் அஞ்சு மணிக்கு அலாரம் வையுங்கள்.