பெரிய எண்களைத் தடுமாறாமல் வாசிக்கவும் எழுதவும்

"நாற்பதாயிரத்து ஐந்நூற்று ஆறு" என்று சொல்லி எழுதச் சொன்னால், இடமதிப்பு இன்னும் பிடிபடாத குழந்தை 400005006 என்று எழுதும். இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. காதில் விழுந்ததை அது சரியாகவே எழுதியிருக்கிறது: நாற்பதாயிரம் 40000, ஐந்நூறு 500, ஆறு 6. மூன்றையும் வரிசையாக ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். தவறு எங்கே என்றால், வாயால் சொல்லும் எண்ணுக்கும் தாளில் எழுதும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் அதற்குக் காட்டவில்லை.

பேச்சில் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் உண்டு: நூறு, ஆயிரம், லட்சம். எழுத்தில் அந்தப் பெயர்கள் கிடையாது. இலக்கம் எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் பெயர். பழைய தமிழ் எண்குறிகளைப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். அவற்றில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தை ௨௲௩௱௪௰௫ என்று, பேசுகிறபடியே எழுதினார்கள். இரண்டாயிரத்து ஐந்து என்றால் ௨௲௫ போதும்; நடுவில் எதுவும் வேண்டாம். நாம் இன்று எழுதும் 2005-ல் ஆயிரத்துக்கான குறி இல்லை. 2 என்பது இரண்டாயிரமாக இருக்க வேண்டுமானால் அது வலமிருந்து நான்காம் இடத்தில் நின்றாக வேண்டும். அதை அங்கே நிறுத்தி வைப்பவை நடுவிலுள்ள இரண்டு பூஜ்ஜியங்கள். பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொடுப்பது பாதி உண்மை. ஆளில்லாத நாற்காலியைக் காப்பதுதான் அதன் வேலை; அதை எடுத்துவிட்டால் இடப்பக்கம் இருக்கிற எல்லோரும் ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்து மதிப்பிழந்து போவார்கள்.

இடம், மதிப்பு

வலது ஓரத்திலிருந்து இடங்கள் இவை: ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம், கோடி, பத்துக் கோடி. ஒவ்வொன்றும் தனக்கு வலப்பக்கம் உள்ளதைப் போல் பத்து மடங்கு. பூமிக்கும் நிலவுக்கும் சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர். இதில் 4 இரண்டு முறை வருகிறது. இரண்டுக்கும் முகமதிப்பு, அதாவது இடத்தைப் பார்க்காமல் இலக்கத்துக்கு மட்டும் உள்ள மதிப்பு, 4தான். இடமதிப்போ இடப்பக்க 4-க்கு 4,000, வலப்பக்க 4-க்கு 400. எண்ணை விரித்து எழுதினால் 3,00,000 + 80,000 + 4,000 + 400. பெரிய எண் எதையும் முதலில் ஒரு முறை இப்படி விரித்து எழுதச் சொல்லுங்கள். வாசிப்பது பிறகு தானாக வரும், ஏனென்றால் நாம் வாயால் வாசிப்பதே இந்த விரிவாக்கத்தைத்தான்.

வாசிக்கும் முறை

ஒன்பது இலக்க எண்ணைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. நம் முறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டியது இரண்டு இலக்கங்களைத்தான். கோடிக்கு இரண்டு, லட்சத்துக்கு இரண்டு, ஆயிரத்துக்கு இரண்டு, நூறுக்கு ஒன்று, மிச்சம் இரண்டு. 99 வரை தயங்காமல் சொல்லத் தெரிந்து, நூறு முதல் தொள்ளாயிரம் வரை உள்ள ஒன்பது பெயர்களும் தெரிந்தால் போதும். அதனுடன் ஆயிரம், லட்சம், கோடி என்ற மூன்று சொற்களைச் சேர்த்து 99 கோடி வரை வாசித்துவிடலாம்.

ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியில் செல்லும் தூரம் மீட்டரில் 299792458. இதை வாசிக்க:

1. வலது ஓரத்திலிருந்து மூன்று இலக்கம் எண்ணி ஒரு காற்புள்ளி வையுங்கள்: 299792,458
2. அதன்பின் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே இடப்பக்கம் போங்கள்: 29,97,92,458
3. இடமிருந்து ஒவ்வொரு காற்புள்ளியும் எந்தச் சொல் என்று குறித்துக்கொள்ளுங்கள்: இங்கே கோடி, லட்சம், ஆயிரம்.
4. வாசியுங்கள்: இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றேழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து நானூற்று ஐம்பத்தெட்டு.

காற்புள்ளியை இடப்பக்கத்திலிருந்து வைக்கத் தொடங்குவது மிகவும் பரவலான பிழை. கண் இடமிருந்து வாசிப்பதால் கையும் அங்கேயே போய்விடும். அப்படி வைத்தால் 29,97,92,45,8 என்று கடைசியில் ஓர் இலக்கம் அநாதையாக நிற்கும். கடைசிக் காற்புள்ளிக்கு வலப்பக்கம் சரியாக மூன்று இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை.

ஒரு தொகுதி 00 என்று இருந்தால் அதன் பெயரையே சொல்ல மாட்டோம். 7,03,00,908 என்பது ஏழு கோடியே மூன்று லட்சத்துத் தொள்ளாயிரத்து எட்டு. ஆயிரம் என்ற சொல் தனியாக வரவே இல்லை. வாசிக்கும்போது இது எளிது. கேட்டு எழுதும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

கேட்டு எழுதும் முறை

தமிழ் இதில் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. "ஐந்து லட்சம்" என்று முடிந்தால் பின்னால் ஐந்தும் பூஜ்ஜியம். "ஐந்து லட்சத்து" என்றால் இன்னும் ஏதோ வரப்போகிறது. ஆயிரம், ஆயிரத்து, நூறு, நூற்று, கோடி, கோடியே எல்லாமே இப்படித்தான். சொல்லின் வால் நீண்டால் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. எண்ணை உரக்கச் சொல்பவரும் இந்த வாலை விழுங்காமல் சொல்ல வேண்டும்.

எழுதும் முறை இது. முதலில் வரும் பெரிய சொல்லைக் கேட்டதுமே பின்னால் எத்தனை இடம் வேண்டும் என்று கோடு போட்டுவிடுங்கள். கோடிக்குப் பின் ஏழு, லட்சத்துக்குப் பின் ஐந்து, ஆயிரத்துக்குப் பின் மூன்று, நூறுக்குப் பின் இரண்டு. "ஏழு கோடியே" என்று காதில் விழுந்ததும்:

7 , _ _ , _ _ , _ _ _

"மூன்று லட்சத்து" என்றதும் லட்சத்தின் இரண்டு கோடுகளில் வலப்பக்கத்தில் 3. "தொள்ளாயிரத்து" என்றதும் நூறின் கோட்டில் 9. "எட்டு" கடைசிக் கோட்டில். எல்லாம் முடிந்த பிறகு காலியாக நிற்கும் கோடுகளில் பூஜ்ஜியம் போடுங்கள்: 7,03,00,908. கோடு போடாமல் எழுதினால் 7,3,908 என்று ஆகிவிடும். இடது ஓரத் தொகுதி மட்டும்தான் ஒற்றை இலக்கமாக இருக்கலாம். நடுவில் உள்ள எந்தத் தொகுதியிலும் மூன்று என்பது 03தான்.

இன்னொரு நுணுக்கம், சொல்லப்படாத ஒன்று. 1,105-ஐ "ஆயிரத்து நூற்று ஐந்து" என்கிறோம். ஒன்று என்ற சொல் ஆயிரத்துக்கு முன்னும் வரவில்லை, நூறுக்கு முன்னும் வரவில்லை. இலக்கத்தை மட்டும் காதால் தேடுகிற குழந்தைக்கு ஐந்து மட்டுமே கேட்கும். ஆயிரமோ நூறோ தனியாக வந்தால் அதற்கு முன்னால் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஒன்பதின் பொறி

எட்டு, எண்பது, எண்ணூறு, எட்டாயிரம் வரிசையில் குழப்பமில்லை. ஒன்பதுக்கு வந்தால் 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். தொண்ணூறு 'நூறு' என்று முடிகிறது, மதிப்போ பத்தாம் இடத்தில். தொள்ளாயிரம் 'ஆயிரம்' என்று முடிகிறது, மதிப்போ நூறாம் இடத்தில். பெயர் ஒரு படி மேலே நிற்கிறது. அதனால்தான் "தொள்ளாயிரத்து ஐந்து" என்றால் 9,005 என்று எழுதுகிறார்கள். விதி சொல்லிப் புரியவைக்க இங்கே எதுவும் இல்லை. இந்த இரண்டு சொற்களையும் விதிவிலக்காகவே பழக்க வேண்டும். 9, 90, 900, 9,000, 90,000, 9,00,000 ஆறையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம், தொண்ணூறாயிரம், ஒன்பது லட்சம் என்று தினம் இரண்டு முறை, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சொல்ல வையுங்கள். அதன்பின் 99,999-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்: தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இதைத் திக்காமல் சொல்பவர் பொறியைத் தாண்டிவிட்டார்.

அட்டைகள்

தொடக்கத்தில் பார்த்த 400005006 பிழைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கெட்டியான தாளில், ஓர் இலக்கத்துக்கு 2 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டு அட்டைகள் வெட்டுங்கள். 1 முதல் 9 வரை 2 செ.மீ. அகலத்தில், 10, 20 … 90 வரை 4 செ.மீ.; நூறுகள் 6 செ.மீ.; ஆயிரங்கள் 8 செ.மீ.; பத்தாயிரங்கள் 10 செ.மீ. மொத்தம் 45 அட்டைகள். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இலக்கங்கள் ஒவ்வொன்றும் தன் 2 செ.மீ. கட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். இது பிசகினால் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

இப்போது 40000, 500, 6 என்ற மூன்று அட்டைகளை எடுத்து, பெரியதன்மேல் சிறியதாக, வலது ஓரங்கள் ஒட்டி நிற்கும்படி அடுக்குங்கள். 40506 தெரியும். 500-இன் மூன்று இலக்கங்கள் 40000-இன் கடைசி மூன்று பூஜ்ஜியங்களை மூடிவிட்டன. அட்டைகளை விலக்கிக் காட்டுங்கள்: பூஜ்ஜியங்கள் தொலைந்து போகவில்லை, அடியில் இருக்கின்றன. ஆயிரமாம் இடத்தில் மட்டும் எந்த அட்டையும் மூடாததால் அங்கே 0 வெளியே தெரிகிறது, பத்தாம் இடத்தில் தெரிவது 500-இன் 0. இரண்டையும் குழந்தையே விரல் வைத்துக் காட்டும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள்.

கோடிக்கு மேலே

கோடிக்கு மேல் அன்றாடப் பேச்சில் புதுப் பெயர் தேடுவதில்லை. கோடிகள் எத்தனை என்பதையே ஒரு தனி எண்ணாக வாசிக்கிறோம். வானியலில் பூமி–சூரியன் தூரத்தை ஒட்டிய அலகு ஒன்று உண்டு. 2012-ல் அதை 149597870700 மீட்டர் என்று நிர்ணயித்தார்கள். வலப்பக்கம் ஏழு இலக்கத்தை வெட்டி எடுங்கள்: 14959 | 7870700. பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது கோடியே எழுபத்தெட்டு லட்சத்து எழுபதாயிரத்து எழுநூறு. வெட்டும்போது வலப்பக்கம் ஏழு இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள், முதலில் பூஜ்ஜியம் வந்தாலும் அதையும் சேர்த்து. ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தூரம், ஏறத்தாழ 9460730472580 கிலோமீட்டர். வெட்டினால் 946073 | 0472580. அதாவது 9,46,073 கோடியே 4 லட்சத்து 72 ஆயிரத்து 580.

மில்லியனும் பில்லியனும்

பன்னாட்டு முறையில் மூன்று மூன்றாகவே பிரிப்பார்கள்: 299,792,458. இலக்கங்கள் அதேதான், காற்புள்ளிதான் இடம் மாறுகிறது. மாற்றிக்கொள்ள பூஜ்ஜியங்களை நினைவில் வையுங்கள்: லட்சம் 5, மில்லியன் 6, கோடி 7, பில்லியன் 9, டிரில்லியன் 12. ஆகவே 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி, 1 டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. 1.5 மில்லியன் 15 லட்சம், 2.75 பில்லியன் 275 கோடி. உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15 அன்று 8 பில்லியனைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது, அது 800 கோடி. இதை 80 கோடி என்று எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழை. சந்தேகம் வந்தால் பெருக்காதீர்கள், 8-க்குப் பின் ஒன்பது பூஜ்ஜியம் போட்டு, நம் முறையில் காற்புள்ளி வைத்து வாசியுங்கள்.

பழைய ஆங்கில நூல்களிலும் ஒரு கவனம் வேண்டும். பிரிட்டனில் முன்பு பில்லியன் என்றால் 12 பூஜ்ஜியம். 1974-ல்தான் அந்நாட்டு அரசு 9 பூஜ்ஜியத்துக்கு மாறியது. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் அந்தச் சொல்லுக்கு இன்றும் 12தான்.

இலக்கமா, எண்ணிக்கையா?

34,567-ல் நூறாம் இடத்து இலக்கம் எது? 5. அதே எண்ணில் எத்தனை நூறுகள் இருக்கின்றன? 345. இரண்டும் வேறு கேள்விகள். முதலாவது அந்த இடத்தில் நிற்பவரைக் கேட்கிறது, இரண்டாவது அந்த இடம்வரை உள்ள எல்லோரையும் கேட்கிறது. அதற்கு வலப்பக்கம் உள்ளதை மூடிவிட்டு மிச்சத்தை வாசித்தால் விடை. 2,50,00,000-ல் எத்தனை லட்சம் என்றால் ஐந்து இலக்கத்தை மூடுங்கள்: 250. வகுத்தலில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டாதவர்கள்தான்.

ஒப்பிடும்போது முதலில் இலக்கங்களின் எண்ணிக்கை, அது சமமாக இருந்தால் மட்டும் இடது ஓரத்திலிருந்து. 99,999 எல்லாம் ஒன்பதாக இருந்தாலும் 1,00,000-க்குக் கீழேதான்.

அளவு மனதில் பதிய நொடிகளில் சொல்லிப் பாருங்கள். ஒரு லட்சம் நொடி 27 மணி 46 நிமிடம் 40 நொடி. ஒரு கோடி நொடி ஏறத்தாழ 116 நாள். நூறு கோடி நொடி 31 ஆண்டுக்கு மேல்.

பயிற்சிக்கு நான்கு எண்கள். சொல்லி எழுத வையுங்கள், பிறகு எழுதியதை வாசிக்க வையுங்கள்:

அறுபதாயிரத்து அறுபது: 60,060
ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது: 9,09,909
ஒரு கோடியே பத்தாயிரத்து நூறு: 1,00,10,100
முப்பது கோடியே மூன்று: 30,00,00,003

முதலாவதில் தவறினால் அட்டைகளுக்குத் திரும்புங்கள். இரண்டாவதில் தவறினால் ஒன்பதின் வரிசை. மூன்றாவதில் 1 காணாமல் போனால் ஒளிந்திருக்கும் ஒன்று. நான்காவதில் பூஜ்ஜியம் குறைந்தால் கோடு போடாமல் எழுதியிருக்கிறார்கள்.