ஒரு திரை, முப்பது பிள்ளைகள்: கல்வித் தளங்களை வகுப்பில் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வி இணையதளங்களில் பெரும்பாலானவை ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி என்ற கணக்கில் செய்யப்பட்டவை. பிள்ளை தானே தொடும், தவறு செய்யும், மறுபடி முயலும். நம் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருப்பதோ ஒரு ஸ்மார்ட் போர்டு அல்லது டீச்சர் கையில் ஒரு டேப்லெட். எதிரே முப்பது பிள்ளைகள். பல ஊர்களில் இரண்டு மூன்று வகுப்புகளும் ஒரே அறையில்தான். இதை யோசிக்காமல் தளத்தைத் திறப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

வீடியோவை ஓடவிட்டு நோட்டுத் திருத்த உட்காருவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. வகுப்பு அமைதியாக இருக்கும், பாடம் நடக்கிறது என்றும் தோன்றும். முந்தைய நாளே ஒருமுறை முழுதாகப் பார்த்து, எங்கே நிறுத்தி என்ன கேட்பது என்று இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறு, பிள்ளைகள் யோசிப்பதற்கு முன்பே நாம் பொத்தானை அழுத்திவிடுவது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தை எடுத்துக்கொள்வோம். இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது, இலவசம். அதில் ஒரு ஏற்றப்பலகை (சீசா) உருவகம், அதாவது திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் மாதிரி, உண்டு. இரு பக்கமும் எடைகளை வைத்துவிட்டு, தாங்கியை விலக்கினால் பலகை சாயும். டீச்சர் எடையை வைத்து, தாங்கியை எடுத்து, 'பார்த்தீங்களா, சாஞ்சிருச்சு' என்றால் பிள்ளைகள் பார்த்தது ஒரு படம்தான். எடையை வைத்ததோடு கையை எடுத்துவிடுங்கள். 'எந்தப் பக்கம் இறங்கும்? ஏன்?' என்று கேட்டு, இடது, வலது, சமம் என மூன்று கூட்டமாகப் பிரித்து நிற்க வையுங்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு வாதாடட்டும். கட்சி மாறுகிறவர்கள் மாறட்டும். அதற்குப் பிறகு தாங்கியை எடுங்கள். அதே தளம், அதே ஐந்து நிமிடம், ஆனால் இப்போது முப்பது பேரும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். பின்னங்களுக்கான உருவகத்திலும் இதையே செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஒரு காகிதத்தையாவது பிள்ளைகளே மடித்துப் பார்த்திருக்க வேண்டும். கையால் நாலாக மடிக்காத பிள்ளைக்குத் திரையில் தெரியும் கால்பங்கு வெறும் வண்ணம்.

வினாடி வினா விளையாட்டுகளில் சிக்கல் வேறு மாதிரி. நாலு விடைகளில் பச்சை வரும்வரை ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும், யோசிக்கத் தேவையில்லை. கடிகாரமும் ஓடினால் வேகமான இரண்டு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இதற்குப் பழைய சிலேட்டே போதும். கேள்வி திரையில், விடை அவரவர் சிலேட்டில், 'காட்டு' என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். யாருக்குப் புரியவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிளிக்கர்ஸ் என்ற தளமும் இதே யோசனையில் செய்யப்பட்டதுதான். பிள்ளைகள் அச்சிட்ட அட்டையைத் தங்கள் விடைக்கேற்பத் திருப்பிப் பிடிக்க, டீச்சர் தன் போனால் ஸ்கேன் செய்கிறார். பிள்ளைகளுக்குக் கருவியே வேண்டாம்.

வெளிநாட்டுத் தளங்களின் கணக்கை அப்படியே காட்டுவதும் ஆபத்து. அங்கே ஒரு லட்சம் 100,000 என்று வரும். நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 1,00,000 என்று காற்புள்ளி போடக் கற்றுக்கொண்டிருக்கும். சில்லறைக் கணக்கில் 25 சென்ட் நாணயம் வரும், பருவங்கள் பாடத்தில் பனி கொட்டும். இவை கெட்ட பாடங்கள் அல்ல. முன்கூட்டிச் சொல்லாமல் காட்டினால்தான் குழப்பம்.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைவாரியாகப் பிரித்துவிட்டு, கதை வாசிப்பு என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே கதையைத் திரையில் போடுகிறோம். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் கதைத் தளமான ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் நிலை 1 முதல் 4 வரை தரம் பிரித்தே இருக்கின்றன. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்து எடுங்கள். பல வகுப்புகள் ஒரே அறையில் என்றால் இன்னொன்று: ஒரு குழுவுக்குத் திரையைப் போட்டால் அறையே அதைத்தான் பார்க்கும். எழுதும் குழுவைத் திரைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் எழுத்து வேலை நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நெட்டை நம்பிப் பாடம் தொடங்காதீர்கள். பாடநூலின் கியூஆர் குறியீடு காட்டும் பாடத்தை அரசின் தீக்ஷா கல்விச் செயலியில் முன்பே இறக்கி வைக்கலாம். ஸ்டோரிவீவர் கதைகளும் ஃபெட் உருவகங்களும் அப்படியே. யூடியூபில் வகுப்பு நடுவே தேடினால் விளம்பரமும் வரும், அடுத்த வீடியோ தானாகவும் ஓடும். தானியங்கி ஓட்டத்தை அணைத்துவிட்டு, தேடலை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பழைய தளம் ஒன்று 'ஃபிளாஷ் பிளேயரை நிறுவுக' என்று கேட்டால் உடனே மூடிவிடுங்கள். ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதன் பெயரில் இப்போது வருவது பெரும்பாலும் வைரஸ்தான்.

பிறகு, பிள்ளைகளின் பெயரில் கணக்குத் தொடங்கும் விஷயம். 'இலவசம்தானே' என்று பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்), புகைப்படம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறோம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒரு திரை வகுப்புக்குப் பெரும்பாலும் டீச்சரின் கணக்கு ஒன்றே போதும். பிளிக்கர்ஸ் போல ஆளுக்கொரு பெயர் கேட்கும் இடத்தில் 1, 2, 3 என்று எண்களைப் போட்டுவிட்டு, எந்த எண் யார் என்ற பட்டியலை உங்கள் நோட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் எமிஸ் எண்ணாக இருக்கக் கூடாது.